கடவுச்சொல் சரிதான், கணக்கு திறக்கவில்லை

சாத்தூர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஹைடெக் லேப் பொறுப்பும் என்னிடம்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று மாதம் உட்கார்ந்து, சாத்தூர் பேருந்து நிலையத்திலிருந்து தன் ஊர்ப்பக்கம் போகும் பேருந்துகளின் நேரம் சொல்லும் செயலி ஒன்றைச் செய்திருந்தாள். எம்ஐடி ஆப் இன்வென்டர் என்ற இலவசத் தளத்தில், கட்டைகளைப் பொருத்துவதுபோல் கட்டளைகளைப் பொருத்திச் செய்தது. மறுநாள் அறிவியல் கண்காட்சி. அன்றைக்குப் பார்த்து அவள் வழக்கமாக உட்காரும் கணினி பழுது. வேறு கணினியில் அமர்ந்தோம்.

கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. ஆனால் புதுக் கணினி என்பதால், "இது நீங்கள்தானா?" என்று கேட்டு, பதிவு செய்திருந்த எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீட்டை அனுப்பியது. அது அவள் அம்மாவின் எண். அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். ஆலைக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. கைபேசி வீட்டில் பாட்டியிடம் இருந்தது. அழைத்து, வந்திருக்கும் எண்ணைச் சொல்லச் சொன்னேன்.

"சார், பேங்க்குல இருந்து பேசுறேம்னு சொல்லி இந்த நம்பரைத்தான் கேப்பாகளாம்ல. யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு பேத்திதான் சொல்லியிருக்கா" என்றார் பாட்டி.

பேத்திக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். லேப் சுவரில் அந்தச் சுவரொட்டியே இருக்கிறது. பேத்தி பேசிய பிறகுதான் பாட்டி நம்பினார். அதற்குள் குறியீடு காலாவதியாகிவிட்டது. மறுபடி கேட்டேன். பழைய குறுஞ்செய்தியில் இருந்த எண்ணை வாசித்தார். மறுபடி, மறுபடி. "பலமுறை முயன்றுவிட்டீர்கள், பிறகு முயலுங்கள்" என்று கணக்கு தற்காலிகமாகப் பூட்டிக்கொண்டது. மறுநாள் அந்தப் பிள்ளை சார்ட் தாளில் திரைகளை வரைந்து எடுத்துக்கொண்டு போய் விளக்கினாள். செயலி எங்கே என்று கேட்டவர்களுக்கு அவளிடம் பதில் இல்லை. தவறு என்னுடையது. கணக்கு வாத்தியாருக்கே கணக்கு திறக்கவில்லை என்று ஆசிரியர் அறையில் கேலி வேறு.

இரண்டு நாள் கழித்து, அம்மாவின் கைபேசியிலேயே உள்நுழைந்தபோது சிரமமில்லாமல் திறந்தது. வழக்கமான கருவி, வழக்கமான இடம் என்றால் அடையாளத்தை நம்புவது இந்த அமைப்புகளின் இயல்பு. அன்று நான் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை. அதற்குப் பிறகு, பிழைச் செய்தி வந்தால் முழுவதும் வாசித்து நோட்டில் எழுதாமல் அடுத்த முயற்சி கிடையாது என்று லேபில் விதி வைத்தேன். எழுதிப் பார்த்தால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

சில நேரம் கோளாறு கணக்கில் இருக்கவே இருக்காது. "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" அல்லது "கணினியின் கடிகாரம் பின்தங்கியுள்ளது" என்று வந்தால், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் நாணயம் போன்ற பேட்டரி ஒன்று உண்டு. கடையில் சிஆர்2032 என்று கேட்டால் தருவார்கள். அது தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வந்ததும் கணினி பல ஆண்டு முந்தைய தேதிக்குப் போய்விடும். ஒவ்வொரு இணையதளத்துக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்ற சான்றிதழ் இருக்கிறது. கணினியின் தேதி அதற்கு முந்தியதாக இருந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை என்று உலாவி நிறுத்திவிடும். இதற்குக் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும்.

"கடவுச்சொல் தவறு" என்று வந்தால் முதலில் விசைப்பலகையைச் சந்தேகப்படுங்கள். தமிழ்த் தட்டச்சை நிறுத்த மறந்திருக்கலாம். கேப்ஸ் லாக் எரியலாம். விசைப்பலகை அமைப்பு பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால் 'அட்' குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறிவிடும். எல்லாம் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவதால் கண்டுபிடிக்க முடியாது. கண் போன்ற குறியை அழுத்தினால் எழுத்து தெரியும். முந்தைய வகுப்புப் பிள்ளை வெளியேறாமல் போயிருந்தால் அடுத்தவர் அவர் கணக்கிலேயே இருப்பார். எங்கள் லேபில் அதிகம் நடப்பது இதுதான். மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் தீர்ந்துவிடும்.

எங்களுடைய சிக்கல் இவை இரண்டும் அல்ல. கடவுச்சொல் சரியாக இருந்தும், அடுத்த படியில் ஆளை நிரூபிக்க முடியவில்லை. இதை அந்த நேரத்தில் சரிசெய்ய முடியாது. முன்னாலேயே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டால், எட்டு இலக்கத்தில் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும். கைபேசி தேவையில்லை. மாணவியின் தாளில் ஒரு நகல் அவள் அம்மாவிடம், இன்னொன்று ஒட்டிய உறையில் தலைமையாசிரியர் அறைப் பீரோவில். பாட்டியிடம் யாரும் எண் கேட்க வேண்டியதில்லை.

ஆத்தென்டிகேட்டர் செயலி இன்னொரு வழி. சிம்மும் இணையமும் இல்லாவிட்டாலும் அது குறியீடு தரும். 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை 30 ஆல் வகுத்து, அந்த ஈவை இரு தரப்புக்கும் மட்டுமே தெரிந்த ரகசிய எண்ணோடு கலந்து ஆறு இலக்கம் ஆக்குகிறது. அதனால்தான் 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறுகிறது. கைபேசியின் நேரம் சில நிமிடம் பிசகினாலும் "தவறான குறியீடு" என்கிறது. நேரத்தைத் தானியங்கியாக வைத்தால் சரியாகிவிடும். ஈவு, மீதி நடத்தும்போது இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோர் எண் மாற்றினால் அன்றே கணக்கிலும் மாற்றச் சொல்லுங்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கலாம். பிறகு நம் பிள்ளையின் குறியீடு முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். இரண்டு ஆண்டு தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியையும் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது.

சிறு வகுப்புகளுக்குக் கணக்கே வேண்டாம் என்பது என் கருத்து. 13 வயது நிறையாதவர் தானாகக் கூகுள் கணக்கு தொடங்கவும் முடியாது. ஆப் இன்வென்டரில் கணக்கில்லாமல் நுழையும் வழி இருக்கிறது. நான்கு ஆங்கிலச் சொற்கள் கொண்ட குறியீடு ஒன்று தரும். அதை நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த வகுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எப்படி நுழைந்தாலும், மணி அடிக்குமுன் செய்ததை ஏஐஏ கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைப்பதை வழக்கமாக்குங்கள். அன்று அந்தக் கோப்பு இருந்திருந்தால் வேறு கணக்கில் ஏற்றி, செயலியோடு கண்காட்சிக்குப் போயிருப்பாள்.

பிறகு அந்தச் செயலியை கூகுள் பிளேயில் வெளியிட எண்ணினோம். அதற்கு டெவலப்பர் கணக்கு வேண்டும்: 18 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், இருபடிச் சரிபார்ப்பு கட்டாயம். என் பெயரில் தொடங்கினேன். உள்ளே நுழைய முடிந்தது, வெளியிட முடியவில்லை. இது நான்காவது வகை. நுழைவுச் சிக்கல் போலத் தோன்றும், உண்மையில் அனுமதிச் சிக்கல். என் அடையாள அட்டையில் தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயராக இருந்தது. நான் பதிந்ததோ வெறும் தலைப்பெழுத்து. நம்மில் பலருக்கு ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் ஒன்று, பணிப்பதிவேட்டில் ஒன்று. அட்டையில் உள்ளபடியே முதலிலேயே பதியுங்கள். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையாளராக இருக்கவும் வேண்டும். ஆசிரியர் அறையில் கேலி செய்தவர்களையே சேர்த்துக்கொண்டேன்.

உடன் பணிபுரியும் ஆசிரியருக்கு இந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. அவருடைய சொந்தக் கணக்கைப் பயனராகச் சேர்த்து, தேவையான அனுமதியை மட்டும் கொடுத்திருக்கிறேன். எனக்கு மாறுதல் வந்தால் வேலை நிற்காது. ஒரு டெவலப்பர் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குச் செயலியை மாற்றித் தரவும் முடியும். அவளுக்கு 18 வயதாகும்போது அவள் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். உறையின் மேல் அந்த ஆண்டை எழுதி வைத்திருக்கிறாள்.