சவ்வுகளைப் பின்னும் புரதங்கள்

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம். இவ்வளவு மெல்லியது, அதுவும் கொழுப்பால் ஆனது என்றால், பக்கத்துச் சவ்வோடு எளிதில் கலந்துவிடும் என்றுதான் நினைப்போம். கலப்பதில்லை. சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளின் தலைகள் நீரை விரும்புபவை. அவை இருபுறமும் வெளியே பார்த்து நிற்க, அவற்றைத் தண்ணீர் ஒரு படலமாகப் பற்றியிருக்கிறது. இரண்டு சவ்வுகள் ஓரிரு நானோமீட்டர் தூரத்துக்கு நெருங்கியதும் இந்தத் தண்ணீர் இரண்டையும் தள்ளிவைத்துவிடும். செல்கள் ஒன்றோடொன்று கரைந்து கூழாகிவிடாமல் இருப்பது இதனால்தான்.

ஆனால் சவ்வுகள் சேர்ந்தே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. கருவுறும்போது விந்தணுவும் முட்டையும் சேர வேண்டும். கணையம் இன்சுலினை வெளியே விட வேண்டும். இவற்றில் மிக அதிகமாக ஆராயப்பட்டது நரம்பு முனை. அங்கே சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குமிழிகள், அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லும் வேதிப்பொருளை நிரப்பிக்கொண்டு காத்திருக்கின்றன. மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அடுத்த ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் குமிழியின் சவ்வும் நரம்பின் சவ்வும் ஒன்றாகி, உள்ளிருப்பது வெளியே கொட்டிவிடுகிறது.

இதைச் செய்பவை மூன்று புரதங்கள். ஸ்னேர் புரதங்கள் என்று இவற்றுக்குப் பொதுப்பெயர். சினாப்டோபிரெவின் குமிழியின் சவ்வில் ஊன்றி நிற்கிறது. சின்டாக்சினும் ஸ்னாப்-25உம் எதிரே, நரம்பின் சவ்வில். முதல் இரண்டும் ஆளுக்கு ஓர் இழை தருகின்றன, ஸ்னாப்-25 இரண்டு இழைகள் தருகிறது. இந்த நான்கும் சேர்ந்து நாலுகால் பின்னலாக முறுக்கிக்கொள்கின்றன. பின்னல் சவ்வுகளுக்கு எட்டத்தில் உள்ள நுனியில் தொடங்கி, சவ்வுகளை நோக்கி இறுகிக்கொண்டே வரும். இறுக இறுக இரண்டு சவ்வுகளும் ஒன்றையொன்று நோக்கி இழுபடுகின்றன, நடுவிலிருந்த தண்ணீர் பிதுங்கி விலகுகிறது. முதலில் எதிரெதிரே உள்ள கொழுப்பு அடுக்குகள் கலக்கின்றன, பிறகு மற்ற இரண்டு அடுக்குகள். கடைசியில் ஒரு துளை திறக்கிறது. சோதனைக் குழாயில் இந்தப் பின்னலை 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தாலும் அது பிரிவதில்லை. அவ்வளவு உறுதியாகப் பின்னிக்கொள்வதால் கிடைக்கும் ஆற்றல்தான் சவ்வுகளை இணைக்கிறது.

பின்னல் பாதியில் நின்று, கால்சியம் வரும்வரை அவசரப்படாமல் காத்திருக்கவும் ஏற்பாடு இருக்கிறது. கால்சியத்தை உணர்ந்து பச்சைக்கொடி காட்டுவது சினாப்டோடேக்மின் என்ற இன்னொரு புரதம். வேலை முடிந்த பின்னலை அவிழ்க்க என்.எஸ்.எஃப். என்ற புரதம் வருகிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறுகள் செலவாவது இந்த இடத்தில்தான். அதாவது சவ்வுகள் சேரும் கணத்தில் செல் புதிதாகச் செலவு செய்வதில்லை. அவிழ்த்து வைக்கும்போதே அடுத்த முறைக்கான கூலியைக் கொடுத்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்தக் கணக்குதான்.

வைரஸ்களும் இதே வேலையை வேறு புரதங்களைக் கொண்டு செய்கின்றன. இன்ஃப்ளூயன்சா வைரஸின் புரதம் செல்லுக்குள் அமிலத்தன்மையைச் சந்தித்ததும் உருமாறி, நீண்டு நம் சவ்வில் குத்தி, பிறகு மடங்கி இரண்டு சவ்வுகளையும் இழுத்துச் சேர்க்கிறது. கருவை வளர்க்கும் நஞ்சுக்கொடியில் செல்களை இணைத்து ஒரே படலமாக்கும் சின்சிடின் புரதமோ, முன்னொரு காலத்தில் நம் மூதாதையரின் மரபணுத் தொகுதிக்குள் புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ் ஒன்றின் சொத்து.

ஸ்னேர் கதைக்குத் திரும்புவோம். 1970களின் கடைசியில் ராண்டி ஷெக்மன், சுரப்பு வேலை கெட்டுப்போன ஈஸ்ட் செல்களைப் பிரித்தெடுத்து, அதற்கான ஜீன்களைத் தேடத் தொடங்கினார். ஜேம்ஸ் ராத்மன் என்.எஸ்.எஃப். புரதத்தைக் கண்டறிந்தார். பிறகு அவர் குழு, அதையும் அதன் துணைப் புரதத்தையும் தூண்டிலாகப் போட்டு மாட்டு மூளைச் சாற்றில் தேடியபோது, 1993இல் மூன்று புரதங்கள் சிக்கின. அவையே சினாப்டோபிரெவின், சின்டாக்சின், ஸ்னாப்-25. கால்சியம் உணரியைத் தெளிவுபடுத்தியவர் தாமஸ் சூடாஃப். மூவருக்கும் 2013இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஆனால் சவ்வுகளைச் சேர்ப்பவை இந்த மூன்று புரதங்களே என்பதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி இரண்டு பாக்டீரியா நஞ்சுகளிடமிருந்து வந்தது. டெட்டனஸ் நஞ்சும் போட்டுலினம்-பி நஞ்சும் சினாப்டோபிரெவினை வெட்டுகின்றன என்று 1992இல் இத்தாலியக் குழு ஒன்று காட்டியது. போட்டுலினம் நஞ்சின் மற்ற வகைகளில் சில ஸ்னாப்-25ஐயும், ஒரு வகை சின்டாக்சினையும் வெட்டுகின்றன என்பது அடுத்தடுத்துத் தெரிந்தது. நஞ்சுகள் குறிவைத்தவை அதே மூன்று புரதங்கள்!

டெட்டனஸும் போட்டுலினம்-பியும் வெட்டுவது சினாப்டோபிரெவினின் ஒரே இணைப்பைத்தான். விளைவோ நேரெதிர். போட்டுலினம் தசையருகே உள்ள நரம்பு முனையிலேயே தங்கி, தசையைச் சுருக்கும் சேதியை நிறுத்துகிறது, தசை தொய்ந்துபோகிறது. டெட்டனஸ் நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசையை அடக்கிவைக்கும் நரம்புகளின் சேதியை நிறுத்துகிறது. அடக்குவாரின்றி உடல் வில்லாக விறைக்கிறது. நம் ஊரில் ரண ஜன்னி என்பது இதுதான். நரம்புக்குள் புகுந்துவிட்ட நஞ்சை எதிர்நஞ்சு மருந்தால் தொடமுடியாது. வெட்டுண்ட புரதங்களுக்குப் பதில் புதியவை உருவாக வாரங்கள் ஆகின்றன.

ஒருமுறை ரண ஜன்னி வந்து பிழைத்தவர்களுக்கும் அதன்மூலம் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. நோயை உண்டாக்கும் நஞ்சின் அளவு, உடலின் நோய்த்தடுப்பு அமைப்பு கவனிக்கும் அளவைவிடக் குறைவு. தடுப்பூசி ஒன்றே வழி. குழந்தைப் பருவத்து ஊசிகளோடு 10, 16 வயதுகளிலும், பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் அரசு மருத்துவமனைகளில் இது போடப்படுகிறது. கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்று நினைவில்லையா? ஆணி குத்தும்வரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.