எச்.ஐ.வி. கிருமி தெரிந்ததுமே மாத்திரை!
"அப்புறம் வாங்க" என்ற காலம் போயாச்சு

சங்கரன்கோவில்,

ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஆள் திடமாக இருக்கிறார். தறி ஓட்டுகிறார். மூட்டை தூக்குகிறார். இவருக்கு எப்போது மாத்திரை ஆரம்பிப்பது?

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே. முடியாம வரட்டும், பாத்துக்கலாம்" என்பது டீக்கடைப் பேச்சு மட்டும் அல்ல. ஒரு காலத்தில் டாக்டர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். கண்டுபிடித்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும். அப்போது இங்கே மருந்து கிடையாது. 2004 ஏப்ரல் 1-ந் தேதிதான் அரசு இலவச மாத்திரை கொடுக்க ஆரம்பித்தது. அதுவும் நாடு முழுவதற்கும் 8 ஆஸ்பத்திரிகளில். தாம்பரம் ஆஸ்பத்திரி அதில் ஒன்று.

200, 350, 500...

வந்தவர் எல்லாருக்கும் மாத்திரை கிடைக்கவில்லை. நோயை எதிர்க்கும் 'சி.டி.4' அணுக்களை எண்ணிப் பார்ப்பார்கள். 200-க்கு கீழே போயிருக்க வேண்டும், அல்லது நோய் முற்றியிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு "அப்புறம் வாங்க" என்று பதில் வரும். மருந்து விலை அதிகம். பக்க விளைவும் அதிகம். அதனால் அந்தக் கணக்கு.

பிறகு 200 என்பது 350 ஆனது. 500 ஆனது. 2017-ல் அந்த எல்லையே போய்விட்டது. எண்ணிக்கை எத்தனை இருந்தாலும் உடனே மாத்திரை!

காரணம் இதுதான். 35 நாடுகளில் 4,685 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. எல்லாரும் 500-க்கு மேல் அணுக்கள் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு உடனே மருந்து. மீதிப் பேருக்கு 350-க்கு இறங்கும் வரை பொறுமை. 2015-ல் முடிவு வந்தது. கடும் நோய் அல்லது சாவு, உடனே தொடங்கியவர்களில் 42 பேருக்கு. காத்திருந்தவர்களில் 96 பேருக்கு!

இன்னொன்றும் உண்டு. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவு மூலம் மனைவிக்கோ கணவனுக்கோ தொற்றாது.

தாமதம் யாருக்கு?

காசநோயும் இருந்தால் முதலில் டி.பி. மருந்து, சில நாள் கழித்து இந்த மாத்திரை. மூளையில் தொற்று இருந்தால் சில வாரம் தள்ளிப்போடுவார்கள். அதை டாக்டர் முடிவு செய்வார், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

கோமதி அம்மன் சன்னதி புற்று மண்ணை பூசிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? மாத்திரைக்கு பதிலாக மட்டும் அது ஆகாது.

இப்போது பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. நெல்லை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இலவசம். ஒரு நாள் தறிக்கூலி போகும், பஸ் செலவு ஆகும். அது உண்மைதான். விவரம் கேட்க 1097-க்கு போன் செய்யலாம், காசு இல்லை.

2017-க்கு முன்பு "உங்களுக்கு இப்ப வேண்டாம்" என்ற பதிலோடு வீடு திரும்பி, அப்புறம் அந்தப் பக்கமே போகாதவர்கள் மறுபடி போக வேண்டும். பழைய சீட்டு இருந்தால் கொண்டுபோகலாம். தொலைந்துபோயிருந்தாலும் போகலாம்.