தலைக்காயம்: வெளியே தெரியாத பாதிப்புக்கும் உதவி கேட்கலாம்



பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரைப் பார்த்துவிட்டு, "லேசான அடிதான்" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகிறார்கள். பெரும்பாலானவர்கள் சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கோ தலைவலி, தலைச்சுற்றல், மறதி, எரிச்சல், தூக்கமின்மை தொடர்ந்துகொண்டே இருக்கும். சி.டி. ஸ்கேனில் இது தெரியாமலும் போகலாம். அடிபட்ட நேரத்தில் நினைவு எந்த அளவு இருந்தது என்பதை வைத்துத்தான் 'லேசானது' என்கிறார்கள். பின்விளைவும் லேசாகத்தான் இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. தலைக்காயம் அதில் தனி வகையாக இல்லை. காயத்தால் கை கால் இயக்கம், பேச்சு, பார்வை, செவி, மனநலம் இவற்றில் எது பாதித்ததோ அந்த வகையில்தான் மதிப்பிடுவார்கள். மனநல வகையில் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது.

சேர்த்து வைக்க வேண்டியவை

விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், தொடர் சிகிச்சைச் சீட்டுகள். மறதி இருந்தால் மருத்துவரிடம் கேட்டு நினைவாற்றல் சோதனை செய்து, அந்த அறிக்கையையும் வையுங்கள். வீட்டில் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள்: மீதிச் சில்லறை கொடுக்கத் தடுமாறியது, அடுப்பில் பாலை வைத்து மறந்தது, தெரிந்த தெருவில் வழி தவறியது.

எப்படி விண்ணப்பிப்பது?

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையம் வழியாகவோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சதவீதம் தருவார்கள். பல உதவிகளுக்கு 40 சதவீதம் தேவை. குணமாக வாய்ப்புள்ள பாதிப்பு என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சான்று கிடைக்கும். அந்தத் தேதி முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்குத் தாலுகா அலுவலகத்திலும், மற்ற உதவிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

பரிசோதனை நாளில்

"எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டதும், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்று சொல்வது நம் பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதோடு நிறுத்தினால் குறை எதுவும் இல்லை என்றே பதிவாகிவிடக்கூடும். அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். மறதி உள்ளவருக்குத் தன் மறதியே நினைவிருக்காது. எனவே மனைவியோ மகனோ நோட்டை எடுத்துக்கொண்டு உடன் செல்லட்டும். கூட்டியும் சொல்ல வேண்டாம், வெட்கப்பட்டுக் குறைத்தும் சொல்ல வேண்டாம்.

சான்று மறுக்கப்பட்டாலோ, சதவீதம் குறைவு என்று தோன்றினாலோ, மேல்முறையீடு செய்ய அதே சட்டம் உரிமை தருகிறது. மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படிவம் நிரப்பச் சிரமப்படுவோர் ஜுமுஆ தொழுகைக்குப் பிறகு தாள்களுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.