குறுக்கீடும் தடைபட்ட பந்தும் (மென்பந்தாட்டம்)

குறுக்கீடு, தடைபட்ட பந்து என்பன சாஃப்ட்பால் என்று பரவலாக அறியப்படும் மென்பந்தாட்டத்தின் இரு விதிகள் ஆகும். ஆட்டத்தின் இயல்பான போக்கு ஒருவராலோ ஒரு பொருளாலோ குலையும்போது, அதன் இழப்பை எந்த அணி ஏற்க வேண்டும் என்பதை நடுவர் இவற்றைக் கொண்டு தீர்மானிக்கிறார். இவ்விளையாட்டு 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ளரங்க ஆட்டமாகத் தோன்றியது. ஆடுகளத்தில் அடுத்தடுத்த தளங்களுக்கு இடையே 60 அடி தொலைவே உள்ளது. ஆகவே ஓட்டக்காரரும் களத்தடுப்பாளரும் ஒரே வழியில் எதிர்ப்படுவது இயல்பு.

குறுக்கீடும் தடுப்பும்

மட்டையாடும் அணியைச் சேர்ந்தவர் களத்தடுப்பாளரின் முயற்சியைக் கெடுத்தால் அது குறுக்கீடு எனப்படும். பந்து உடனே செயலற்றதாகும்; குற்றம் செய்த ஓட்டக்காரர் ஆட்டமிழப்பார்; மற்ற ஓட்டக்காரர்கள் பொதுவாகத் தாம் இறுதியாகத் தொட்ட தளத்திற்குத் திரும்ப வேண்டும்.

பந்தைக் கையில் வைத்திராமலும், அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முயலாமலும் ஒரு களத்தடுப்பாளர் ஓட்டக்காரரின் வழியை மறித்தால் அது தடுப்பு எனப்படும். இதில் ஆட்டம் உடனே நிறுத்தப்படுவதில்லை. மறிக்கப்படாதிருந்தால் ஓட்டக்காரர் அடைந்திருக்கக்கூடிய தளத்தை நடுவர் அவருக்கு வழங்குவார்.

நோக்கத்தின் பங்கு

அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முயலும் களத்தடுப்பாளருக்கே வழியுரிமை உண்டு. தெரியாமல் மோதினாலும் ஓட்டக்காரர் ஆட்டமிழப்பார். எறியப்பட்ட பந்தின் நிலை வேறு. அது ஓட்டக்காரர் மீது தற்செயலாகப் பட்டால் ஆட்டம் தொடரும்; அவர் வேண்டுமென்றே அதன் வழியில் குறுக்கிட்டால் மட்டுமே குறுக்கீடாகும்.

துடுப்பாட்டத்தில் இதற்கு இணையானது களத்தடுப்பைத் தடுத்தல் என்னும் 37ஆம் விதி ஆகும். 2024 மே 12 அன்று சென்னை சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கெதிராக ஆடிய சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர் ரவீந்திர ஜடேஜா இவ்விதியின்படி ஆட்டமிழந்தார். இரண்டாவது ஓட்டத்திற்குப் புறப்பட்டுத் திரும்பியபோது அவர் ஓடும் திசையை மாற்றினார். சஞ்சு சாம்சன் எறிந்த பந்து அவர் மீது பட்டது. மூன்றாவது நடுவர் அவர் ஆட்டமிழந்ததாக அறிவித்தார். நோக்கத்தை நேரில் காண இயலாது. திசை மாற்றம் போன்ற செயல்களிலிருந்தே நடுவர் அதை உய்த்துணர வேண்டும். மென்பந்தாட்ட நடுவரின் நிலையும் இதுவே.

தடைபட்ட பந்து

அடிக்கப்பட்ட அல்லது எறியப்பட்ட பந்தை ஆட்டத்தில் ஈடுபடாத ஒருவர் தொட்டாலோ, ஆட்டத்திற்குரியதல்லாத பொருளில் அது பட்டாலோ அது தடைபட்ட பந்து ஆகும். நடுவர் மீது பட்ட எறிபந்து இவ்வகையில் சேராது, ஆட்டம் தொடரும்.

* களத்தடுப்பாளர் எறிந்த பந்து பார்வையாளரால் தடைபட்டால், அது கையை விட்டு நீங்கிய கணத்தில் ஓட்டக்காரர்கள் இருந்த நிலையிலிருந்து இரு தளங்கள் வழங்கப்படும்.
* களத்தடுப்பு அணி கீழே விட்டுவைத்த உபகரணத்தில் எறிபந்து பட்டாலும் இதுவே முறை. துடுப்பாட்டத்தில் காப்பாளருக்குப் பின்னால் வைக்கப்பட்ட தலைக்கவசத்தில் பந்து பட்டால் 5 ஓட்டங்கள் தண்டனையாக வழங்கப்படுவது இதனோடு ஒப்பிடத்தக்கது.
* மட்டையாடும் அணியின் உபகரணத்தில் பட்டு, அதனால் ஓர் ஆட்டமிழப்பு தவறினால், எந்த ஓட்டக்காரரை வீழ்த்த முயன்றனரோ அவரே ஆட்டமிழப்பார். ஆட்டமிழப்பு வாய்ப்பு ஏதும் இல்லையெனில் ஓட்டக்காரர்கள் இறுதியாகத் தொட்ட தளத்திற்குத் திரும்புவர்.

எனவே தடைபட்ட பந்தில் நோக்கம் ஆராயப்படுவதில்லை. பொருள் யாருடையது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மட்டை, தலைக்கவசம் முதலியவற்றை ஆடுகளத்திற்கு வெளியே வைக்குமாறு பயிற்சியாளர்கள் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.