தூங்கி நிற்கும் கோழி

விடிகாலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழிகள் இறக்கையை உதறிக்கொண்டு குப்பைமேட்டுக்கு ஓடும். ஒன்று மட்டும் மயிரைச் சிலிர்த்துப் பந்துபோல் உப்பி, கண்ணைப் பாதி மூடி நின்றுவிட்டால், "கோழி தூங்குது தம்பி" என்பார் பக்கத்து வீட்டு அத்தை. சற்று நேரத்தில் அம்மியில் மிளகும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைபடும். சுண்டைக்காய் அளவு உருட்டி, அலகைப் பிளந்து ஊட்டுவார். சில கோழிகள் பிழைக்கும். சில மறுநாள் விறைத்துக் கிடக்கும். அந்த உருண்டைக்கு இதில் எவ்வளவு பங்கு என்பது, வந்த நோய் எது என்பதைப் பொறுத்தது. தூக்கத்தைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. எல்லாச் சீக்கிலும் கோழி தூங்கும்.

சோர்ந்திருப்பதைக் காட்டிக்கொண்டால் பருந்தும் கீரியும் விடாது, கூட்டத்துக் கோழிகளே கொத்தும். அதனால் கோழி முடிந்தவரை நோயை மறைக்கும். தூங்கி நிற்கிறதென்றால் மறைக்கிற தெம்பும் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை. அந்தியில் அடையும்போது நிறைந்தும், விடியும்போது தட்டையாகவும் இருக்க வேண்டும். காலையிலும் கல்போல் இருந்தால் நாரோ புல்லோ அடைத்திருக்கலாம்.

இன்னொன்று எச்சம். கோழிக்குச் சிறுநீர் தனியாகக் கிடையாது. எச்சத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் வெள்ளைதான் அது, யூரிக் அமிலம். பத்துக்கு ஒன்று பழுப்பு நிறத்தில், பிசுபிசுவென்று, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு விழும். குடலின் கடைசியில் உள்ள இரண்டு முட்டுப்பைகளிலிருந்து வருவது அது, நோயில்லை. இதைக் கண்டு பயந்து மருந்து ஊற்றியவர்களில் நானும் ஒருவன்.

பயப்பட வேண்டியது பச்சையும் வெள்ளையுமாக நீர்போல் கழிந்தால். கூடவே வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதும், இறக்கை தொங்குவதும், பிழைத்த கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொள்வதும் இருந்தால் அது வெள்ளைக்கழிச்சலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அதையொட்டிய ஆண்டுகளில் இமயமலைப் பகுதி ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்ட வைரஸ் நோய் இது. இரண்டு ஊர்ப் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டன. தடுப்பூசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். வந்தபின் குணமாக்க மருந்தில்லை, அத்தையின் உருண்டை உட்பட. ஒரேயடியாகப் பல கோழிகள் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நம் ஊரில் முதல் கோழி தூங்கியதும் மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழக்கம் இருக்கிறது. செத்ததை ஏரிக்கரையில் வீசுவதும் உண்டு. வைரஸுக்கு இதைவிட நல்ல வாகனம் கிடைக்காது. சுண்ணாம்பு தூவி ஆழப் புதைப்பதுதான் சரி.

தடுப்பூசி இருந்தும் புறக்கடைக் கோழிக்கு அது எட்டாததற்குக் காரணம் கணக்கு. ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது. வீட்டில் இருப்பதோ ஆறு. குளிர் விட்டால் மருந்து வீண், கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதற்காகவே வெப்பம் தாங்கும் ஐ-2 என்ற தடுப்பூசியை உருவாக்கினார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் அது பயன்படுகிறது. நம்மிடம் உள்ள வழி, தெருவே ஒன்றுகூடுவது. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாம் அதற்குத்தான். நோயின் பெயர் ராணிக்கெட், தடுப்பூசி தயாராவது ராணிப்பேட்டையில், வேடிக்கையான பொருத்தம்.

எல்லாமே கைவிட்ட கேஸ் இல்லை. குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் ஓரிரு நாளில் வீரியமாகும் ஒட்டுண்ணியின் வேலை. தண்ணீரில் கலக்கும் ஆம்ப்ரோலியம் அமைப்பில் வைட்டமின் பி1 போலவே இருக்கும். ஒட்டுண்ணி அதை வைட்டமின் என்று நம்பி விழுங்கிப் பட்டினி கிடக்கும். தெம்புக்கென்று கூடவே பி வைட்டமின் டானிக் ஊற்றினால் அந்த ஏமாற்று பலிக்காது. மருந்தோடு தரையையும் உலர்த்த வேண்டும்.

அம்மையை இன்னும் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். கொசு பரப்புவது, கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வரும். வாய்க்குள் வராதவரை மூன்று நான்கு வாரத்தில் தானாக ஆறும். பேர் மட்டும் பூசிய மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் போகும், போகட்டும், கெடுதலில்லை. பொருக்கைப் பிய்த்துப் போடாமல் இருந்தால் போதும், பொருக்குக்குள் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

இந்த வருஷ முகாமுக்கு அத்தை கோழிகளைத் திறந்துவிடாமலே பஞ்சாரத்தோடு தூக்கிவந்தார். திறந்தபின் நாட்டுக்கோழியை யார் பிடிப்பது? எட்டு வாரம் தாண்டியதற்கு இறக்கையடியில் ஊசி. ஏழு நாள் குஞ்சுகளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு. சொட்டு விழுந்ததும் கீழே விடக்கூடாது, தலையை உதறி வெளியே தெளித்துவிடும். அது கண்ணைக் கொட்டி மருந்து உள்ளே இறங்கும்வரை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார் அத்தை.