ஒரு கோடு, இரண்டு சட்டம்



பொம்மையார்பாளையத்தில் கடை வைத்திருப்பவருக்கு இரு பக்கமும் புதுச்சேரி மண்தான். தெற்கே கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் முத்தியால்பேட்டை. வடக்கே போனால் காலாப்பட்டு. நடுவில் கிடக்கும் நம் ஊர் தமிழ்நாடு. வாடிக்கையாளரும் உறவுக்காரரும் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் யார் எதை விற்கலாம், யாருக்கு வாக்கு உண்டு, யார் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையெல்லாம் இருநூறு ஆண்டுகளாக இந்த எல்லைக்கோடுதான் தீர்மானித்து வந்திருக்கிறது.

நம் கடைச் சரக்கான உப்பையே எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணத்தில் 1805-ல் ஆங்கிலக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. பக்கத்திலேயே பிரெஞ்சு மண்ணில் உப்பு விளைந்தால் அது இருட்டோடு இருட்டாக எல்லை தாண்டி வராதா? அதற்கும் ஒரு வழி கண்டார்கள். 1815-ல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, உப்பு உரிமைக்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818-ல் உப்பு விளைவிப்பதையே நிறுத்தி, உப்பள உரிமையாளர்களுக்கு ஆண்டுக்கு 4,000 வராகன் இழப்பீடு என்று முடிவானது. இரு அரசுகளும் கூடிப் பேசி முடித்துக்கொண்டன. அளத்தில் கூலிக்கு இறங்கியவனை யார் கேட்டார்கள்? 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை சென்றார். உப்பு வரி ஒழிந்தது 1947 ஏப்ரலில்தான்.

வாக்குரிமையில் கதை தலைகீழ். பிரெஞ்சுப் பகுதியில் 1871 முதலே, சொத்து இல்லாத ஆண்மகனும் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம். (தேர்தல் ஒழுங்காக நடந்ததா என்று கேட்காதீர்கள். தில்லுமுல்லுக்குப் பேர் போன தேர்தல்கள் அவை!) இந்தப் பக்கம், சொத்தும் வரியும் பார்க்காமல் வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்பது 1951-52 பொதுத் தேர்தலில்தான் வந்தது.

வியாபாரிக்கு உண்மையான சோதனை 1949-ல் வந்தது. 1941-ல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தத்தால் சரக்குகள் தடையின்றிப் போய்வந்தன. 1949 ஏப்ரலில் அது முடிவுக்கு வந்தது. கோடு சுங்க எல்லையானது. நேற்றுவரை வியாபாரமாக இருந்தது மறுநாள் கடத்தலானது. ஆளும் சரக்கும் அதேதான், மாறியது காகிதம் மட்டுமே. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர், கொடுக்காதவர் இந்தியர்!

இன்று இருபுறமும் ஒரே அரசியல் சட்டம். தொழில் செய்யும் உரிமை 19-ஆம் பிரிவில் இருக்கிறது. நாடெங்கும் வணிகம் தடையற்றது என்கிறது 301-ஆம் பிரிவு. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது செக்போஸ்ட்டும் போயிற்று. கோடு அழிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தோம். அழியவில்லை.

2019 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் சரக்கு விற்பவர் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். புதுச்சேரியிலோ 20 லட்சத்தைத் தாண்டினாலே பதிவு. 30 லட்சத்துக்கு விற்கும் மளிகைக்கடைக்காரர் பொம்மையார்பாளையத்தில் இருந்தால் பதிவு வேண்டாம். காலாப்பட்டில் இருந்தால் கட்டாயம். அதுமட்டுமா? பதிவில்லாத நம் கடைக்காரர் வரிக்குட்பட்ட சரக்கில் ஒரு பெட்டியைக் காலாப்பட்டுக் கடைக்கு அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர் பதிவு செய்தாக வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவரோ அப்படி அனுப்பவே கூடாது. சைக்கிளில் போய்வரும் தூரத்துக்கு இப்படி ஒரு விதி! எல்லையோரச் சிறு கடைகளுக்கு மட்டுமாவது இதில் விலக்கு வேண்டும் என்று இரு பக்கத்து வணிகர் சங்கங்களும் சேர்ந்தே மனு கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால், அது அடுத்த பக்கத்து விவகாரம் என்று ஒவ்வொரு அலுவலகமும் கைகாட்டிவிடும்.