நாஸ்காவைத் தாங்கிய முள்மரம்

மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கம் கோடையில் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். கண்மாய் உள்வாயில், ஓடைக்கரையில், உழாமல் போட்ட கரிசலில் எங்கும் அதுவே. வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினால் கையில் காசு. நெற்று ஆட்டுக்குத் தீனி. இருந்தாலும் அதைத் திட்டாத சம்சாரி கிடையாது. 1870களில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து இந்தியாவில் பரப்பியது ஆங்கிலேய அரசு.

இந்த மரத்தின் நெருங்கிய சொந்தம் ஒன்று தென்னமெரிக்காவில், பெருவின் தென்கரைப் பாலைவனத்தில் நிற்கிறது. அங்கே அதற்கு வராங்கோ என்று பேர். அது அழிந்ததால் ஒரு நாகரிகம் ஆட்டம் கண்டது என்றால் நம்மூரில் சிரிப்பார்கள்.

தரையில் பிரம்மாண்டமான குரங்கும் பறவையும் வரைந்து வைத்த நாஸ்கா மக்களின் நாகரிகம் அது, கி.பி. முதல் ஐந்தாறு நூற்றாண்டுகளில் செழித்தது. அங்கே மழை என்பது பேருக்குத்தான். ஆண்டிஸ் மலையில் பெய்வது ஆறாக இறங்கி வந்து, சில மாதங்கள் ஓடி வற்றிவிடும். மற்ற நாளெல்லாம் நிலத்தடி நீர்தான் கதி. அந்த நீரை ஆழத்திலிருந்து வேரால் எடுத்துக்கொண்டு, கரை மண்ணைப் பிடித்து, காற்றை மறித்து, உதிர்ந்த இலையால் மண்ணுக்குச் சத்தும் கூட்டியது வராங்கோ. நெற்றை இடித்து மாவாக்கித் தின்றார்கள். வீட்டுத் தூணும் அடுப்பு விறகும் அதுவே.

கேம்பிரிட்ஜ் தொல்லியலாளர் டேவிட் பெரஸ்ஃபோர்டு ஜோன்ஸ் குழு, நாஸ்கா மக்கள் வாழ்ந்த இக்கா பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி மண்ணில் புதைந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டது. அடி அடுக்கில் வராங்கோ மகரந்தம். மேலே வர வர அது குறைந்து, மக்காச்சோளமும் பருத்தியும் கூடுகின்றன. வயலுக்காகக் காட்டை அழித்திருக்கிறார்கள். கி.பி. 500 வாக்கில் எல் நினோ பெருவெள்ளம் வந்தபோது மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. ஆறு தன் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட, வாய்க்கால்கள் மேட்டில் நின்றுபோயின. வெள்ளம் மட்டும் வந்திருந்தால் தாங்கியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

ஏறக்குறைய 1000 ஆண்டுகள் கழித்து, 15ஆம் நூற்றாண்டில், இந்தக் கரை குஸ்கோவிலிருந்து ஆண்ட இன்காக்களின் கைக்கு வந்தது. அவர்களிடம் எழுத்து இல்லை, இரும்பு இல்லை. கணக்கெல்லாம் கயிற்று முடிச்சில். 1532இல் ஸ்பானியர் பிசாரோ வந்து மன்னர் அதவால்பாவைச் சிறைபிடிக்கும்வரை, சுமார் 100 ஆண்டுகளே நீடித்த பேரரசு. ஆனால் மலைச்சரிவுப் படிவயலும் வாய்க்காலும் தானியக் கிடங்கும் கட்டிக் காக்கத் தெரிந்திருந்தது. அதற்கு ஆள் திரட்டிய முறைக்கு மீட்டா என்று பேர்: வரிக்குப் பதில் குடும்பத்துக்கு இத்தனை நாள் உடலுழைப்பு, வேலை நாளில் சாப்பாடும் மக்காச்சோளக் கள்ளும் அரசுடையது.

நம் கண்மாய்க் குடிமராமத்தை இதன் பங்காளி எனலாம். ஊர் கூடிக் கரை போட்டு, வரத்துக்கால் வெட்டிய வழக்கம். அது தளர்ந்தபோது 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புக்குச் சட்டமே வந்தது. மீட்டா கதை இன்னும் மோசம். ஸ்பானியர் அதே பேரை வைத்துக்கொண்டு மக்களைப் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஓட்டினார்கள்.

கண்மாயை ஊர் கைவிட்ட இடத்தில்தான் சீமைக்கருவேலம் குடியேறியது. நாஸ்காவில் மழையே இல்லாததால் ஆற்றோரம் மட்டும் அடங்கிக் கிடந்த மரத்தின் சொந்தம், ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சுமாருக்குப் பெய்யும் விருதுநகர் மாவட்டத்தில் எல்லை தெரியாமல் பரவுகிறது. நீர்நிலைகளிலிருந்து அதை அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது. மேலே வெட்டினால் மறுபடி தளிர்க்கும். தூரோடு தோண்டினாலும், ஆட்டுப் புழுக்கையில் வந்த விதை அடுத்த மழைக்கு முளைத்துவிடும். அது மறுபடி வராமலிருக்க அந்த இடத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், அல்லது உடையோ புங்கையோ நட்டு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இக்காவிலோ எஞ்சியிருப்பது சொற்ப வராங்கோ. கரிக்காக அதையும் திருட்டுத்தனமாக வெட்டுகிறார்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவோடு சேர்ந்து உள்ளூர்க்காரர்கள் நாற்று வளர்த்து நடுகிறார்கள். மரத்துக்கு விழாவும் எடுக்கிறார்கள். வட பெருவில் இதே இன மரத்தின் நெற்றைக் காய்ச்சிப் பாகாக்கிப் பாட்டிலில் விற்கிறார்கள். நம்மூரில் அந்த ருசி ஆட்டுக்கு மட்டும்தான் தெரியும்.